சீட்டில் எழுதாதீங்க, டாக்டர்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குடும்பத்தார் அழைக்க வந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: “எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். ஆனால் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் மிலிட்டரியில் இருப்பார், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.” வேலூர்ப் பக்கம் அது மிகையில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் வட்டாரம் இது. அதனால்தான், மேடையில் பேசுவதற்கு எல்லோரும் தயங்கும் விஷயத்தை எடுத்துக்கொண்டேன். சீருடையில் இருக்கும் நம் பிள்ளைகளின் குடியைப் பற்றியும், அவர்களில் சிலர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்வதைப் பற்றியும் பேசப் போகிறேன். நான் மனநல மருத்துவர். அதற்கும் முன்னால், ஒரு ஹவில்தாரின் மகள்.

அப்பா லீவில் வரும்போது கருப்பு டிரங்குப் பெட்டி ஒன்று கூட வரும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் நம்பரும் பெயரும் எழுதியிருக்கும். அதைத் திறக்கும் நேரம் எங்கள் வீட்டில் திருவிழா. எங்களுக்கு கேன்டீன் சோப்பு, பிஸ்கட், அம்மாவுக்குக் கம்பளி. அடியில் துண்டில் சுற்றி இரண்டு ரம் பாட்டில். அவற்றுக்காக மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர் எல்லோரும் திண்ணையில் காத்திருப்பார்கள். ‘மிலிட்டரி சரக்கு’ எங்கள் தெருவில் ஒரு மரியாதையாகவே இருந்தது. அதை யாரும் குடி என்று சொன்னதில்லை. அப்பாவும் அளந்து ஊற்றுவார், சிரித்துக்கொண்டே கொடுப்பார், தான் அதிகம் தொடமாட்டார்.

லீவின் கடைசி இரவு மட்டும் வேறு மாதிரி இருக்கும். அன்று பெட்டியை அடுக்குவார், பிரிப்பார், மறுபடி அடுக்குவார். அம்மா முறுக்கு டப்பாவை வைக்க இடம் கேட்டால் பதில் வராது. பிறகு பின்கட்டில் தனியாக உட்கார்ந்து குடிப்பார். விளக்குப் போட வேண்டாம் என்பார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பணி முடித்து, ஓய்வூதியம் வாங்கி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் அந்தக் கடைசி இரவு எனக்குள் தங்கிவிட்டது. மருத்துவம் படித்த பிறகுதான் அது என்ன என்று பிடிபட்டது.

மத்திய ஆயுதக் காவல் படைகளில், அதாவது சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்றவற்றில், ஐந்தே ஆண்டுகளில் 730 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று 2024 டிசம்பரில் மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. இதை ஆராய உள்துறை அமைத்த பணிக்குழு கண்ட உண்மை ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. இறந்தவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் லீவு முடிந்து பணிக்குத் திரும்பிய பிறகு அந்த முடிவுக்குப் போனவர்கள். துணைவியின் மரணம், மணமுறிவு, பணக்கஷ்டம், பிள்ளைகளின் படிப்பு என்று வீட்டுக் காரணங்களைத்தான் பணிக்குழு அடுக்கியது. எல்லையில் குண்டு பாய்வதால் மனம் உடைகிறது என்று நாம் சினிமா பார்த்து நினைத்திருக்கிறோம். சிப்பாய் உடைவது பெரும்பாலும் கூட்டுப் பட்டாவில், தவணை கட்டாத கடனில், போனை எடுக்காத மனைவியிடத்தில். வெள்ளைக்காரன் காலத்திலேயே இது தெரிந்திருந்தது. போர்முனையில் இருக்கும் சிப்பாயின் சிவில் வழக்கைத் தள்ளிவைக்க 1925-லேயே இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். வரப்புத் தகராறு ஆயிரம் மைல் தாண்டி ஆளைத் துரத்தும் என்று அறிந்தே போட்ட சட்டம் அது.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே பேசுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, கடைசி ஆளாக அவரை மனைவி கூட்டிவந்தார். ராணுவத்தில் பதினோரு வருட சர்வீஸ். நல்ல உயரம். நாற்காலியின் நுனியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேசையில் வைத்தால் நடுக்கம் தெரியும் என்று தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். “காலையில எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டாத்தான் டாக்டர் அவரால ஷேவ் பண்ண முடியுது” என்றார் மனைவி. அண்ணன் தம்பி சொத்துப் பிரிவில் சண்டை. லீவின் முதல் வாரத்திலேயே பேச்சு நின்றுபோயிருந்தது. அதிலிருந்து கோட்டா பாட்டில் தீர்ந்து, டாஸ்மாக் கணக்கும் ஏறியிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் ரயில் ஏற வேண்டும்.

நான் பேனாவை எடுத்தேன். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“சீட்டில் எழுதாதீங்க, டாக்டர்.”

இன்றைய உரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். அவர் அஞ்சியது என்னவென்று விளக்குகிறேன். ராணுவத்தில் ஒவ்வொருவரின் உடல்தகுதியும் ஐந்து எழுத்தில் அடங்கும், ‘ஷேப்’ என்பார்கள். அதில் முதல் எழுத்தான ‘எஸ்’ மனநலத்தைக் குறிக்கும். அங்கே எண் ஒன்றிலிருந்து ஏறிவிட்டால் அவர் ‘லோ மெடிக்கல் கேட்டகரி’. பிறகு பதவி உயர்வில் தயக்கம், கோர்ஸில் தயக்கம், பணிநீட்டிப்பில் தயக்கம். கூட இருப்பவர்களின் பார்வையில் வரும் மாற்றம் எந்தக் காகிதத்திலும் இருக்காது, ஆனால் எல்லாவற்றையும்விட அதுதான் சுடும். கால் ஒடிந்து கேட்டகரி இறங்கியவனிடம் விளையாட்டில் விழுந்தாயா என்று கேட்பார்கள். மனம் சோர்ந்து இறங்கியவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆக ஒரு சிப்பாய்க்கு இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று கேன்டீன் கதவு. கார்டை நீட்டினால் போதும், மாதக் கோட்டா வந்துவிடும்; எதற்கு என்று கேட்க ஆளில்லை, அவன் மருத்துவக் கோப்பில் எதுவும் பதிவதில்லை. இன்னொன்று மருத்துவர் கதவு. அதற்குள் நுழைந்தால் பேர் பதிவாகும், நம்பர் மாறும், கமாண்டிங் ஆபீசரிடமிருந்து அவனைப் பற்றி அறிக்கை போகும். தூக்கம் வராத ஒருவன் எந்தக் கதவைத் தட்டுவான்? அவன் குடிப்பதைக் குணக்கேடு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கையெழுத்தில்லாமல் கிடைக்கும் ஒரே மருந்தை அவன் எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

சட்டமும் அதே கதையைத்தான் சொல்கிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் காணப்படுவதைக் குற்றமாக்குகிறது. கோட்டாவைக் கொடுக்கும் அதே அமைப்புத்தான் போதைக்குத் தண்டனையும் கொடுக்கிறது. 64-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றம் என்கிறது. ஏழு ஆண்டு வரை சிறை. நம்மைப் போன்றவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உயிரை விட முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதன் 115-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பெயர் சொல்லி விலக்கியது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஐ மட்டுமே. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய 309 இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு முயல்வது மட்டுமே அங்கே குற்றம். கடையில் வேலை பார்க்கும் இளைஞன் பிழைத்து எழுந்தால் சிகிச்சை. எல்லையில் நிற்கும் அவன் அண்ணன் பிழைத்து எழுந்தால் கோர்ட் மார்ஷல் வரலாம் என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. எல்லா முயற்சியையும் ராணுவம் வழக்காக்குகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வரி புத்தகத்தில் இருக்கும்வரை, பிழைத்தவன் வாயைத் திறக்கமாட்டான். அந்த வரியை நாடாளுமன்றம் எடுத்துவிட வேண்டும். இதை வேண்டுகோளாக அல்ல, கோரிக்கையாகவே வைக்கிறேன்.

ரம்மைப் பற்றி ஒரு வார்த்தை. படைக்கும் அதற்கும் உள்ள உறவு இங்கிலாந்துக் கடற்படையிலிருந்து வந்த பழைய உறவு. அங்கே மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் அளந்து ஊற்றினார்கள். நுட்பமான இயந்திரங்களைக் கையாளும் கப்பலில் இது ஆகாது என்று 1970 ஜூலை 31-ஆம் நாளோடு நிறுத்தினார்கள். அன்று கப்பல்களில் துக்கம் கொண்டாடினார்கள், மறுநாளும் கப்பல் ஓடியது. அமெரிக்கக் கடற்படை 1914-லேயே கப்பலில் மதுவை விலக்கிவிட்டது. மரபு என்பது மாற்ற முடியாதது அல்ல. பனிமலையில் உடம்பைச் சூடாக வைக்க ரம் வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நம்புகிறார்கள். உண்மை தலைகீழ். மது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்களை விரியச் செய்கிறது. முகம் சூடாகிறது, உடலின் உள்வெப்பம் வெளியே போகிறது. சூடு என்று குடித்தவன் உணர்வது, அவனை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் சூடு.

லீவு முடிந்து திரும்புகிறவனுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். ஒரு மாதம் ஒன்றரை மாதம் தினமும் குடித்தவர் ரயிலேறுகிறார். முகாமில் அந்த அளவு கிடைக்காது, அல்லது பயத்தில் தொடமாட்டார். மது மூளையை அழுத்தி வைத்திருந்தது. அழுத்திய கை திடீரென்று விலகுகிறது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. ஓரிரு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும், காதில் கேட்கும். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. அதைத் தாண்டியவர்களுக்கும் வாரக்கணக்கில் தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், எதிலும் பிடிப்பிருக்காது. வீட்டில் தீராமல் விட்டுவந்த சண்டை அந்தத் தூக்கமில்லா இரவுகளில் பத்து மடங்காகத் தெரியும். அந்த நிலையில்தான் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, நள்ளிரவு இரண்டு மணிக்குத் தனியாகச் சென்ட்ரி நிற்கச் சொல்கிறோம்.

தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க விமானப்படையின் அனுபவம் ஒரு பதில். 1996 மே மாதம் அந்நாட்டுக் கடற்படைத் தளபதி அட்மிரல் ஜெரமி பூர்டா தற்கொலையால் இறந்தார். சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அந்தப் பதவிவரை உயர்ந்த முதல் மனிதர் அவர். அதே ஆண்டில் விமானப்படைத் தளபதி ஜெனரல் ரொனால்டு ஃபோகல்மேன், தம் படையில் இந்த மரணங்கள் ஏன் என்று ஆராய ஒரு குழுவை அமைத்தார். மருத்துவர்களோடு சட்டத் துறை, புலனாய்வு, மதகுருமார், குடும்பநலம் என்று எல்லோரையும் அதில் உட்கார வைத்தார்கள். 11 நடவடிக்கைகள் பிறந்தன.

அவற்றில் இரண்டு என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கியவர்கள்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்று குழு கண்டுகொண்டது. அதனால், விசாரணை அதிகாரி ஒருவரைக் கேள்வி கேட்டு முடித்ததும் ‘போ’ என்று வெளியே அனுப்பக் கூடாது. அவருடைய யூனிட் ஆளிடம் கையோடு ஒப்படைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நடுத்தெருவில் தனியாக விடாதே என்பதுதான் அதன் பொருள். இரண்டாவது இன்னும் முக்கியமானது. அப்படி விசாரணையில் இருப்பவர் தற்கொலை எண்ணத்தோடு மனநல மருத்துவரிடம் போனால், அவர் அங்கே பேசியதை அவருக்கு எதிரான வழக்கில் பயன்படுத்தக் கூடாது. உதவி கேட்பதற்குக் கொடுக்கும் விலையை அவர்கள் குறைத்தார்கள். அதோடு, உதவி கேட்பது பலத்தின் அடையாளம் என்று தளபதியே திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்.

1990 முதல் 96 வரையிலான காலத்தை 1997 முதல் 2002 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டு, 2003-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். தற்கொலை ஆபத்து 33 விழுக்காடு குறைந்திருந்தது. யாரும் எதிர்பாராதது, கடுமையான குடும்ப வன்முறை 54 விழுக்காடு குறைந்ததுதான். அந்தக் குடியிருப்புகளில் எத்தனை மனைவிமார் அடிபடாமல் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு 2004-ல் எண்ணிக்கை மறுபடி ஏறியது. போய்ப் பார்த்தால், அந்த ஆண்டில் நடவடிக்கைகளை முன்பு போலக் கறாராகச் செய்யவில்லை என்று தெரிந்தது. தடுப்பூசி போல ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடும் வேலை அல்ல இது.

இஸ்ரேல் ராணுவம் 2006-ல் இன்னும் எளிதான ஒன்றைச் செய்தது. கட்டாயச் சேவையில் இருந்த 18 முதல் 21 வயது இளைஞர்கள் வாரக் கடைசியில் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவது வழக்கம். அதை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தற்கொலைகள் 40 விழுக்காடு குறைந்தன. குறைந்தது வாரக் கடைசி நாட்களில்தான். சனிக்கிழமை தடுத்ததை யாரும் புதன்கிழமைக்கு ஒத்திவைக்கவில்லை. நினைத்தவன் எப்படியும் செய்வான் என்று சாவு வீட்டில் நாம் ஆறுதலுக்குச் சொல்கிறோமே, அது பொய் என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். விவசாயிக்குத் தன் பெட்டி, தன் சாவி; மருந்துக்கும் ஆத்திரத்துக்கும் நடுவே நடந்து போக வேண்டிய கொஞ்சம் தூரம். அந்தத் தூரம் உயிர்களைக் காத்தது. லீவிலிருந்து திரும்பியவருக்கு முதல் சில வாரம் ஆயுதமில்லாப் பணி என்பதும் அதே தூரம்தான்.

இன்னொரு காயத்தையும் தொடாமல் போக முடியாது. 2023 அக்டோபரில் ஜம்மு பகுதியில் பணியிலிருந்த ஓர் அக்னிவீர், தானே விளைவித்துக்கொண்ட காயத்தால் இறந்தார். ராணுவ மரியாதை இல்லாமல் அவர் உடல் ஊருக்கு வந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. இத்தகைய மரணங்களுக்கு மரியாதை அணிவகுப்பு இல்லை என்பது 1967-ஆம் ஆண்டு ஆணை என்று ராணுவம் விளக்கம் தந்தது. ஆணையின் நியாயத்தை அவர்கள் பார்வையிலிருந்து பார்க்க முயன்றேன், முடியவில்லை. பனியில் உறைந்து இறந்தவரை நாம் கோழை என்பதில்லை. நோயால் இறந்த ஒருவரின் தாயை, ஊர் கூடி நிற்கும் இடத்தில் கொடியில்லாத பெட்டிக்கு முன் நிறுத்துவது எந்த ஒழுங்கைக் காக்கும்? அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சக சிப்பாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இதைப் பற்றிப் பேசாதே.

நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். தேசிய மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது. படையினருக்காகவே அதன் தனிப்பிரிவு ஒன்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் 1 முதல் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். கேன்டீன் கார்டு இருக்கும் பர்ஸிலேயே இந்த எண்ணையும் எழுதி வையுங்கள். லீவில் வந்த பிள்ளை பெட்டியை மூன்றாம் முறை அடுக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதாப்பா’ என்று வாய்விட்டே கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை, வந்திருப்பது வெளியே வரும். தினமும் குடித்தவரை ரயிலேறும் அன்று திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கூட்டிவாருங்கள்.

அந்த மனிதருக்கு அந்தப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாத்திரையும் பி-1 ஊசியும் கொடுத்து, வீட்டில் வைத்தே நடுக்கத்தை இறக்கினேன். என் பதிவேட்டில் எழுதினேன். எழுதாமல் வைத்தியம் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் அது யூனிட்டுக்குப் போகாது, நீங்கள் காட்டினால் ஒழிய யாரும் பார்க்க முடியாது என்று விளக்கினேன். எட்டாம் நாள், உயிரை விட்டுவிடத் தோன்றியதா என்று கேட்டேன். போன வருடம் ஒரு இரவுப் பணியில் தோன்றியது என்றார். மனைவிக்கு அதுவரை தெரியாது.

அவரைத் திரும்ப அந்த இடத்துக்கே அனுப்புகிறோம் என்ற எண்ணம் என்னை வாட்டியது. யாரிடமாவது சொல்ல முடியுமா என்றேன். வெகுநேரம் யோசித்து, “எங்க சுபேதார் சாப்கிட்ட சொல்லலாம். திருவண்ணாமலைக்காரர்” என்றார். சொன்னார். சுபேதார் எதையும் எழுதவில்லை, யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. “லங்கர்ல ஆள் குறையுது, ரெண்டு மாசம் நீ அங்க பாத்துக்கோ” என்று சமையற்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். துப்பாக்கி ஆயுதக் கிடங்கான கோத்திலேயே இருந்தது. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இவரை அழைத்து அரை மணி நேரம் மைதானத்தைச் சுற்றி நடப்பாராம். பெரும்பாலும் மல்லாட்டை விலையைப் பற்றித்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை மட்டும், “டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணியா?” என்று கேட்பார்.

அமெரிக்க விமானப்படை ஒரு குழு அமைத்து, 11 நடவடிக்கையாக எழுதி, ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்துச் செய்ததில் பாதியை அந்த சுபேதார் தன் தலையை அடகு வைத்து, ஒரு வரி எழுதாமல் செய்தார். தெரிந்திருந்தால் அவர் மீதே நடவடிக்கை வந்திருக்கும். அவர் செய்ததை விதியாக எழுதுங்கள் என்பதுதான் நான் அதிகாரிகளிடம் கேட்பது. லீவிலிருந்து திரும்பியவருக்கு ஆயுதமில்லாச் சில வாரம் வேண்டும். தானாக வந்து கேட்பவரின் கேட்டகரியைத் தொடாத சிகிச்சைக் காலம் வேண்டும்.

என் நோயாளி இன்னும் பணியில் இருக்கிறார். வருடம் ஒருமுறை, லீவின் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறார். அந்த சுபேதார் போன வருடம் ஓய்வு பெற்றுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன்.

“இன்னும் பேசிப் பாக்கல, டாக்டர்” என்றார்.